நேர்த்திக்கடன் முடிந்த பிறகு

கண்டியிலிருந்து கெலிஓயா வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா என் தலையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார். அப்போது என் முடி இரண்டு விரற்கடை அளவுக்கு வளர்ந்திருந்தது. கேட்காமல் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பேராதனையைத் தாண்டியதும் கேட்டார்.

“எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்டீங்க?”

“கதிர்காமம்” என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். இறங்கும்போது எனக்கு வழிவிட்டு, பையையும் தூக்கிக் கொடுத்தார்.

நான் சொன்னது பச்சைப் பொய். என் முடியை எடுத்தவர் ஆஸ்பத்திரி அட்டெண்டன் ஒருவர். நான் நினைவில்லாமல் கிடந்தபோது மெஷினால் வழித்திருக்கிறார். ‘மண்டையில் ஆபரேஷன்’ என்று உண்மையைச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் உடனே என்னிடம் பாலர் வகுப்புப் பிள்ளையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பிப்பார்கள். ஒருவர் எழுந்து பின்சீட்டுக்கே போய்விட்டார். கதிர்காமம் என்றால் மரியாதை கிடைத்தது. அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டு ஏழெட்டு மாதம் பொய் சொன்னேன். பஸ்ஸில் சொன்னவை சில்லறைப் பொய்கள். பெரிய பொய்யை வீட்டில்தான் சொன்னேன். தலையில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, ‘ஆள் நல்லாத்தானே இருக்கா’ என்று ஊரே சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்காகவும் உங்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் புவனேஸ்வரி. வயது நாற்பத்திரண்டு. தமிழ்ப் பாடசாலை ஒன்றில் தரம் மூன்றுக்குப் படிப்பிக்கிறேன். என் கணவர் சிவலிங்கம் கடுகண்ணாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேட்பவர்களிடம் ‘வகுப்பில் இருபத்தாறு இருக்கு, போதும்’ என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். எங்கள் வீடு கம்பளை ரோட்டுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து நாற்பத்தேழு படி ஏற வேண்டும்.

மே மாத மழையில் ஒருநாள் அந்தப் படியில் விழுந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு. எதை விடுவது என்ற போட்டியில் குடையைத்தான் விட்டிருக்கிறேன். ஒரு கொப்பிகூட நனையவில்லையாம். விழுந்தவள் நானே எழுந்து, வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, லேசான தலைவலி என்று சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொழுது சாயும் நேரம் இரண்டு முறை வாந்தி எடுத்தேனாம். பிறகு அவரை ‘தம்பி’ என்று கூப்பிட்டேனாம். அதற்குமேல் அவர் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கி, ஓட்டோ பிடித்துக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கிறது. அந்த உறைக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் கசிந்து கட்டியிருந்தது. மண்டையோடு கெட்டியானது, விரியாது. இரத்தம் சேரச் சேர உள்ளே நசுங்குவது மூளைதான். முதலில் எழுந்து நடந்து தேத்தண்ணி குடித்தவள் சில மணி நேரத்தில் மயங்கிப்போனதற்குக் காரணம் அதுதான். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்துவிட்டார் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். டொக்டர்கள் எலும்பில் ஒரு துண்டைத் திறந்து, கட்டியை எடுத்துவிட்டு, துண்டைத் திரும்பப் பொருத்தினார்கள். மூளையின் முன்பக்கம் கன்றிப்போயிருக்கிறது, அது எப்படி ஆறும் என்று போகப்போகத்தான் தெரியும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் ‘ஆறும்’ என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

நான் கண் விழித்தது எட்டாம் நாள். விழித்தேனே தவிர இந்த உலகத்துக்கு வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸிடம் வரவுப் பதிவேடு எங்கே என்று கேட்டேன். எதிர்க்கட்டில் அம்மா தன் மகளோடு பேசியதற்கு, வகுப்பில் என்ன பேச்சு என்று அதட்டினேன். மூன்று நாள் அந்த வார்டை நான்தான் நடத்தினேன் என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள். அடிபட்ட மூளை விழிக்கும்போது இப்படி ஒரு குழப்பக் காலம் வருவதுண்டாம். அப்போது நடப்பது எதுவும் மனதில் தங்காது. வீட்டார் பயந்துபோவார்கள். பயப்பட வேண்டியதில்லை என்று டொக்டர் சொன்னார்.

குழப்பம் தெளிந்த பிறகு தினமும் காலையில் ஒரு டொக்டர் வந்து மூன்று கேள்வி கேட்பார். இன்றைக்கு என்ன நாள், இது எந்த இடம், நாட்டின் சனாதிபதி யார். முதல் நாள் பழைய சனாதிபதி ஒருவரின் பெயரைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் வருவதற்கு முன்பே மிஸ்ஸிடம் மூன்று விடையையும் கேட்டு, வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டேன். காப்பியடித்த எத்தனையோ பிள்ளைகளைக் கதிரையில் ஏற்றி நிறுத்தியவள் நான். ஐந்தாம் நாள் எல்லாம் சரி என்று டொக்டர் எழுதிவிட்டுப் போனார். தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ள அங்கேயே பழகிவிட்டேன்.

என் கணவர் இரண்டு நேரமும் நோயாளி பார்க்க வருவார். மத்தியானம் கடையில் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து வந்து, சோறு ஊட்டிவிட்டுத் திரும்பப் போவார். பின்னேரம் மறுபடி வருவார். என் தலையைத் தொட அவருக்குப் பயம். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் கால்மாட்டில் உட்கார்ந்து என் குதிகாலில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். பதினாறு வருடத்தில் அவர் என் காலைத் தொட்டது அப்போதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு கிளினிக் அட்டை தந்தார்கள். வலிப்பு வராமலிருக்க மாத்திரையும் தந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் புனர்வாழ்வுப் பிரிவுக்கு வர வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் என் கணவர் முகம் மாறிவிட்டது. அது குடு, போதைத்தூள் அடிக்கிற பையன்களை அனுப்பும் இடமல்லவா என்று கேட்டார். காயம்பட்ட மூளைக்கும் பயிற்சி கொடுக்கும் இடம் அப்பா என்று டொக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, கட்டாயம் வரவேண்டும் என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் தெல்தோட்டையில் திருவிழா வந்தது. என் கணவருடைய அக்கா பாக்கியம் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். நான் ஐ.சி.யு.வில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி என் கணவர் அந்தத் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். நான் பிழைத்தால் பறவைக் காவடி எடுப்பதாக. முதுகிலும் காலிலும் கொக்கி குத்தி, டிரக்டரில் கட்டிய மரத்தில் பறவைபோலத் தொங்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வரும் காவடி அது. ஊசி போடக் கண்டால் உட்கார்ந்துவிடும் மனுஷன் அவர். காவடி எடுப்பவர்களை, ஏன்டா இந்த வேலை என்று கேலி செய்தவரும்கூட.

அவர் தொங்கியதை நான் பார்த்தேன். கொக்கி ஒவ்வொன்றும் இறங்கும்போது அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். சுற்றி முடிந்து இறக்கியதும் பூசாரி என் கழுத்தில் மாலை போட்டார். சனம் முழுக்க என்னைப் பார்த்துக் குலவை போட்டது. அம்மா சுகமாக்கிவிட்டாள் என்று மதினி எல்லோருக்கும் சொன்னார். வீட்டுக்கு வந்து அவர் முதுகில் நான்தான் மஞ்சளும் திருநீறும் குழைத்துப் பூசினேன். எண்ணிப் பார்த்தேன், பதினோரு காயம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் நோய் முடிந்துபோனது. யாரும் அதைப் பேசவில்லை. கிளினிக் அட்டை அலுமாரிக்கு மேலே போனது. கிளினிக் நாளும் வந்தது. அதுதான் சுகமாயிடுச்சே என்று மதினி சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான், ஆமாம் என்றேன். கிளினிக்குக்குப் போகவில்லை.

என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் முதுகில் காயம் இன்னும் காயவில்லை. எனக்கு இன்னும் சரியாகவில்லை என்று நான் சொன்னால், அவர் தொங்கியது வீண் என்று சொல்வதாக ஆகும். அம்மன் பாதிதான் செய்தாள் என்று சொல்வதாகவும் ஆகும். இந்த இரண்டையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வார்டில் டொக்டரை ஏமாற்றியதுபோலவே வீட்டையும் ஏமாற்றத் தொடங்கினேன்.

உண்மையில் எனக்கு என்ன இருந்தது என்று சொல்கிறேன். நடை, பேச்சு, கை, கால் எல்லாம் சரி. பெருக்கல் வாய்பாடு சரி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் படித்த பிள்ளையின் பெயரும் வீட்டுப் பெயரும் சரி. ஆனால் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தால் பருப்பு இந்த உலகத்திலேயே இருக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் விளங்காது. காலை பத்து மணிக்கே உடம்பு துவண்டு, தலைக்குள் ஏதோ அணைந்ததுபோல இருக்கும். ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும், கோபம் போனதும் அழுகை வரும். அவருக்குத் தெரியக்கூடாதென்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

மருத்துவ லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். மாலையும் தேநீருமாக வரவேற்றார்கள். இருபத்தாறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ‘டீச்சர்’ என்று கூப்பிடும் சத்தம் எனக்குப் பிடித்த சத்தம். இப்போது அது தகரத்தில் கல் விழுவதுபோலக் கேட்டது. உள்ளங்கையில் எழுதி வைத்துச் சமாளித்தேன். வியர்த்தால் அழிந்துவிடும். இரண்டு மாதம் அப்படி ஓட்டினேன். புவனா டீச்சர் பழையபடி ஆகிவிட்டார் என்று பள்ளிக்கூட அதிபரே சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து, சேலை மாற்றி, சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். அதிபர் போன் செய்தார். உங்கள் வகுப்புக் கவிஷாவைப் புத்தக அறைக்கு அனுப்பினீர்களா என்று கேட்டார்.

“இல்ல சேர்” என்றேன்.

பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படி எதுவும் தெரியாது. ஆனால் நான் அனுப்பியதை இருபத்தைந்து பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். கவிஷா எழுத்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டாள். வகுப்பை ஒட்டினாற்போல இருக்கும் சிறிய அறையில் வாசிப்புப் புத்தகங்களை அடுக்கி வை என்று அவளை அனுப்பியிருக்கிறேன். மணி அடித்ததும், வழக்கம்போல அந்த அறையைப் பூட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிருக்கிறேன். தகரக் கூரையில் மழை. எட்டு வயதுப் பிள்ளை தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. மகளைக் காணோம் என்று தாய் ரேவதி வந்து தேடி, காவல்காரர் ஒவ்வொரு அறையாகத் திறந்து கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. பிள்ளை அழுது, களைத்து, புத்தகங்களின் மேலேயே தூங்கியிருந்தாள்.

மறதி எல்லோருக்கும் உண்டு. மறந்ததை யாராவது எடுத்துச் சொன்னால், அட ஆமாம் என்று உடனே திரும்பி வரும். எனக்கு வரவில்லை. சொல்லச் சொல்லக் கேட்டேன், உள்ளே தேடினேன், ஒன்றுமே இல்லை. வேறு யாரோ ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. இனி பிள்ளைகளை என்னை நம்பி விட முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆபரேஷனுக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அவர் வேலை முடிந்து வந்தார். மதினியும் அந்த வாரம் எங்களோடுதான் இருந்தார். இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு, உள்ளங்கை எழுத்து, குளியலறை அழுகை, கவிஷா. எனக்குச் சுகமாகவில்லை, சுகமானதுபோல நடித்தேன் என்றேன். மதினிதான் முதலில் பேசினார். அம்மா கொடுத்ததில் குறை சொல்லக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார். என் கணவர் எழுந்தார். சாப்பிடாமல் போய்ப் படுத்தார். கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போகவில்லை. கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலேயிருந்து கிளினிக் அட்டையை எடுத்தார். சாரத்து நுனியால் தூசியைத் துடைத்தார். கடைக்குப் போய் ஒரு சாமானை மறந்துவிட்டு வந்தவர்போல என் முன்னால் நின்றார்.

“நான் அவகிட்ட ஒன் உசுர மட்டுந்தான் கேட்டேன் புவனா. ஞாபகத்தையும் சேத்து கேக்கணும்னு எனக்கு அந்த நேரம் தோணல.”

இரவெல்லாம் அவர் யோசித்தது இதைத்தான். நான் ஏமாற்றியதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. தான் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் வருந்தியிருக்கிறார்.

“கேட்டது போதுங்க” என்றேன். “மத்தத நாம போய் பாத்துக்குவோம்.”

“எனக்கு தெரியும் புவனா. கறிக்கு ரெண்டு தடவ உப்பு போடுவ. நான் தண்ணி ஊத்தி சாப்புட்டுக்குவேன். சொன்னா நீ ஒடஞ்சி போயிருவன்னு சொல்லல.”

இத்தனை மாதம் நான் அவரிடம் மறைத்ததை அவர் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குசினியிலிருந்து மதினியின் குரல் வந்தது.

“உசுர குடுத்தவ ஆஸ்பத்திரிக்கு போகாதன்னா சொன்னா? போயிட்டு வாங்க ரெண்டு பேரும். சோறு நான் ஆக்குறேன்.”

போய் நின்றால் உடனே இடம் கிடைத்துவிடவில்லை. தவறவிட்ட நாளுக்குப் புது நாள் வாங்க இரண்டு முறை அலைந்தோம். வரிசையில் நின்று, தப்பான ஜன்னலில் நின்று, சரியான ஜன்னலுக்குப் போனால் அது மூடியிருந்தது. மூன்றாம் முறை புனர்வாழ்வுப் பிரிவில் ரிஸ்னாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் கெலிஓயாக்காரர், முப்பது வயதிருக்கும், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பார். குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது என்று அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. தமிழில் பேசக்கூடிய ஒருவர் கிடைத்ததே எங்கள் அதிர்ஷ்டம். எனக்குச் சிங்களம் வரும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சிங்களத்தில் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

முதல் பரீட்சை தேத்தண்ணி ஊற்றுவது. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் ஏதாவது கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். என்ன கிண்டலா என்று நினைத்தேன். சீனி போடாமல், தேயிலையை இரண்டு முறை போட்டு, கேத்தலைக் கொதிக்கவிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பெயிலாகிப்போனேன். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ரிஸ்னா அந்தக் கறுப்புக் கஷாயத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

“டீச்சர், ஒங்கட மூளையில முன்பக்கம் காயம் ஈக்கி. படிச்சது, தெரிஞ்சது எல்லாம் பத்திரமா ஈக்கி. புதுசா வாறத புடிச்சி வெக்கிற எடம் மட்டும் சின்னதாப் போயிட்டு. அதால ஒரு நேரத்துல ஒண்டுதான் வெக்க ஏலும்.”

என் நோயை முதல்முறையாக எனக்குப் புரியும்படி ஒருவர் சொன்னார். பழையபடி எப்போது ஆகும் என்று கேட்டேன். பழையபடி என்று தான் சொல்லமாட்டேன் என்றார். இன்னும் முன்னேறும், ஆனால் மெதுவாக. மிச்சத்துக்கு வழி செய்துகொள்ளலாம் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

வழி என்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். கழுத்தில் மாட்டிய ஒரு சிறிய கொப்பி. செய்து முடித்த பிறகு எழுதக்கூடாது, செய்யத் தொடங்கும்போதே எழுத வேண்டும். களைத்த பிறகு ஓய்வெடுத்தால் பிரயோசனமில்லை, களைப்பதற்கு முன்பே இருபது நிமிடம் கண்ணை மூட வேண்டும். சமைக்கும்போது ரேடியோ கூடாது. எதையும் கண்ணால் பார்த்து ‘சரி’ என்று விடக்கூடாது, பேனையால் அடையாளம் போட வேண்டும். அவருக்கும் வீட்டுப்பாடம் இருந்தது. உப்புக் கூடினால் சொல்ல வேண்டும், தண்ணி ஊற்றி மறைக்கக்கூடாது. எனக்குக் கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் பத்து நிமிடம் வெளியே போய்விட வேண்டும். கோபமும் காயத்தின் ஒரு பகுதிதான் என்று ரிஸ்னா அவருக்கு விளக்கினார்.

முதல்முறை அவர் ‘உப்பு கூடிப்போச்சு’ என்று சொன்னபோது நான் அகப்பையை வீசினேன். அவர் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். மழை தூறியது. பத்து நிமிடம் முடியும்வரை உள்ளே வரவில்லை. இப்போது அகப்பை பறப்பதில்லை. உப்புப் போட்டதும் அடையாளம் போட, போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் கட்டித் தொங்குகிறது.

மாதம் ஒருமுறை அந்தப் பிரிவில் எங்களைப் போன்றவர்களும் வீட்டாரும் கூடி உட்காருவோம். கடுகண்ணாவைச் சரிவில் லொறியோடு விழுந்தவர் ஒருவர், மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்த ஒரு பெண், இன்னும் சிலர். பார்த்தால் எல்லோரும் நல்லாத்தான் இருப்போம். அங்கே போனால் நடிக்க வேண்டியதில்லை. லொறிக்காரர் ஒரே கதையை மூன்று முறை சொல்வார், நாங்கள் மூன்று முறையும் கேட்போம்.

ரிஸ்னா சொன்னபடி அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை போட்ட லீவை நீட்டிக்கொண்டேன். கவிஷாவின் தாயிடமும் போனேன். ரேவதி பள்ளிக்கூடத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். எனக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது, சுகமாகவில்லை, அதை மறைத்துக்கொண்டுதான் படிப்பிக்க வந்தேன் என்றேன். அவர் போஞ்சியை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“தெரிஞ்சிக்கிட்டே ஏன் டீச்சர் வந்தீங்க?”

“சொல்ல பயந்தேன் ரேவதி. தப்புதான்.”

அவர் ஒரு ஆளுக்குக் கரட் நிறுத்துக் கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“எம் புள்ள இன்னும் கதவ சாத்துனா அழுறா.”

மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. வர நியாயமுமில்லை. மூட்டு வலிக்க அந்த மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த பள்ளித் தவணையில் அதிபர் ஒரு ஏற்பாடு செய்தார். வகுப்பை வேறு ஆசிரியை நடத்துவார். காலையில் இரண்டு பாடவேளை, வாசிப்பில் பின்தங்கிய எட்டுப் பிள்ளைகளை நான் அந்தப் புத்தக அறையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு நான் ஓய்வறையில் கண்ணை மூடிவிட்டு, பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் அந்த எட்டுப் பேருக்கும் இன்னொரு அரைமணி. எட்டுப் பேரில் கவிஷாவும் ஒருத்தி. அந்த நாளிலிருந்து அவளுக்கு வாசிக்க உட்காரவே பிடிக்கவில்லை. அதற்கும் காரணம் நான்தான்.

ரேவதி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். விடும் நேரத்தில் அவர் அறை வாசலுக்கே வந்து நிற்பார். தினமும் வந்தார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய காசுப் பையோடு வந்து, நிலைக்கதவில் கை வைத்துக்கொண்டு நிற்பார். என்னோடு பேசமாட்டார். நான் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். கூப்பிடப்பட்டவர் வெளியே வராந்தாவில் நின்று ‘இருக்கேன் டீச்சர்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பேனையால் அடையாளம். எட்டு அடையாளமும் விழுந்த பிறகுதான் பூட்டு. கவிஷா வெளியே வந்ததும் ரேவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஆறு வாரம் இப்படியே போனது.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை. பெயர்களைக் கூப்பிட்டேன். ஏழு பேர் பதில் சொன்னார்கள். கவிஷாவின் பெயருக்குப் பதிலில்லை. மறுபடி கூப்பிட்டேன். வராந்தாவில் ஏழு பேர்தான் நின்றார்கள். பேனையை எடுக்காமல் உள்ளே போனேன். மேசைக்குக் கீழே குந்தியிருந்து அழிறப்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். இருவருமாகத் தேடி எடுத்தோம். அவள் வெளியே போய் நின்று, “இருக்கேன் டீச்சர்” என்றாள். எட்டாவது அடையாளத்தைப் போட்டேன். பூட்டினேன்.

பூட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தேன், வாசலில் ரேவதி இல்லை. பயந்துபோய் நிமிர்ந்தேன். அவர் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மற்றத் தாய்மாரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.